பழைய காரின் முனகல்: ஆல்டர்னேட்டர் தேய்வும் பேரிங் ஓசையும்

நம் தோட்டங்களில் லயன் வீடுகளுக்கு முன்னே நிற்கும் கார்களைச் சற்றே கவனித்தால், அவற்றுள் பல இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தவை என்பது புலப்படும். 1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்த புரோட்டோன் சாகாவின் பழைய வடிவம், 1993இல் வந்த வீரா, 1994இல் அறிமுகமாகி 2009இல் உற்பத்தி நின்ற பெரொடுவா கஞ்சில் ஆகியவை இன்னும் செம்மண் சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பட்டணத்துப் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதும், நோயுற்றவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதும் இவ்வண்டிகளே. ஆகவே, இவற்றுள் ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வே நின்றுவிடுகிறது.

நாம் அறிந்த பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவர், ஓராண்டிற்குள் தம் பழைய சாகாவுக்கு இரண்டு புதிய பேட்டரிகள் வாங்கினார். ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் வண்டி நன்றாக ஓடும். பின்னர் ஒரு விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்ற ஓசை மட்டுமே எழும். ஓர் இரவில் பேறுகால வலியெடுத்த மகளை அழைத்துக்கொண்டு அவர் புறப்பட்டபோது, தோட்டத்து வாயிலைத் தாண்டிய சிறிது தொலைவிலேயே முன்விளக்குகள் மஞ்சளாகி மங்கின. செம்பனைக் காட்டின் நடுவே என்ஜினும் அணைந்தது. நல்வேளையாகப் பின்னால் வந்த தோட்டத்து லோரி அவர்களை ஏற்றிச் சென்றது. தாயும் சேயும் நலம். பிறகு பட்டறையில் பார்த்தபொழுது பேட்டரியில் யாதொரு குறையும் இல்லை என்பது தெரியவந்தது. ஆல்டர்னேட்டருக்குள் இருந்த இரண்டு சிறிய கரித்துண்டுகள் தேய்ந்து போயிருந்தன. அவற்றின் விலை, அவர் வாங்கிய ஒரு பேட்டரியின் விலையில் மிகச் சிறிய பங்கே ஆகும்.

அவர் மீது நாம் குறை காணவில்லை. வண்டி கிளம்பவில்லை என்றால் பேட்டரியையே சந்தேகிப்பது இயல்பு. ஆனால் பேட்டரி ஒரு தண்ணீர்த் தொட்டி போன்றதே. அதை நிரப்பும் குழாயில் நீர் வரவில்லையெனின், தொட்டியை மாற்றிப் பயன் என்ன?

ஆல்டர்னேட்டர் எவ்வாறு இயங்குகிறது?

மிகப் பழைய கார்களில் டைனமோ என்னும் கருவியே மின்சாரத்தை உண்டாக்கியது. என்ஜின் மெதுவாகச் சுழலும்போது டைனமோவால் போதிய மின்சாரம் தர இயலாது. 1960இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியண்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. அதன் பின்னர் மற்ற நிறுவனங்களும் படிப்படியாக அதற்கு மாறின.

என்ஜினின் முன்புறத்தில் அல்லது பக்கவாட்டில், பெல்ட்டினால் சுழற்றப்படும் தேங்காயளவு அலுமினியக் கூடே ஆல்டர்னேட்டர். அதனுள் சுழலும் பகுதி ஒரு மின்காந்தம். அந்தக் காந்தத்திற்கு வேண்டிய சிறிதளவு மின்சாரத்தை, சுழலும் இரண்டு செம்பு வளையங்களின் மீது அழுந்தி நிற்கும் இரண்டு கரித்துண்டுகள் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இவற்றையே மெக்கானிக்குகள் கார்பன் பிரஷ் என்கின்றனர். காந்தம் சுழலும்போது, சுற்றிலும் அமைந்த செம்புக் கம்பிச் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. அது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரமாதலால் பேட்டரிக்கு ஆகாது. ஆறு டயோடுகள் அதனை ஒரே திசையில் பாயுமாறு செய்கின்றன. ரெகுலேட்டர் என்னும் சிறு உறுப்பு, மின்னழுத்தம் அளவு மீறாமல் காந்தத்திற்குச் செல்லும் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் காக்கின்றது. சுழலும் அச்சை முன்னும் பின்னும் இரண்டு பேரிங்குகள் தாங்குகின்றன.

இவ்வளவே இதன் அமைப்பு. பிரஷ், டயோடு, ரெகுலேட்டர், பேரிங் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று கெடுவதையே 'ஆல்டர்னேட்டர் போய்விட்டது' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எது கெட்டது என்று அறிந்தால் முழுக் கருவியையும் மாற்றும் செலவு பலவேளைகளில் மிஞ்சும்.

இங்கு ஒரு பழைய வழக்கத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டியுள்ளது. என்ஜின் ஓடும்போதே பேட்டரியின் கம்பியைக் கழற்றி, 'என்ஜின் நிற்கவில்லை. ஆகவே ஆல்டர்னேட்டர் நலம்' என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னமும் உள்ளனர். டைனமோ காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அவ்வாறு செய்தால் மின்னழுத்தம் ஒரு நொடியில் பன்மடங்கு எகிறி டயோடுகளையும், ரெகுலேட்டரையும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியையும் எரித்துவிடக்கூடும். உங்கள் வண்டியில் எவரேனும் இச்சோதனையைச் செய்ய முற்பட்டால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

சிவப்பு விளக்கு கூறும் செய்தி

ஓட்டுநருக்கு எதிரே பேட்டரியின் படம் போட்ட சிறு சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பும்போது அது எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டும். சாவியைத் திருப்பியபோது அது எரியவே இல்லையாயின் மகிழ வேண்டாம். பல்பு எரிந்து போயிருக்கலாம். அல்லது பிரஷ் தேய்ந்து வளையத்தைத் தொடாமல் இருக்கலாம். பழைய வண்டிகள் பலவற்றில், காந்தத்தை முதன்முதலில் உயிர்ப்பிக்கும் மின்சாரமே அந்தப் பல்பின் வழியாகத்தான் செல்கிறது. அத்தகைய வண்டியில் ஒரு சிறிய பல்பு எரிந்துபோனதால் ஆல்டர்னேட்டர் வேலை செய்யாமல் நிற்பதும் உண்டு.

என்ஜின் ஓடும்போது விளக்கு முழுமையாக எரிந்தால் மின்சாரம் உற்பத்தியாகவில்லை என்பது பொருள். மங்கலாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எரிந்தால் பெரும்பாலும் டயோடு ஒன்று பழுதாகியிருக்கும், அல்லது பிரஷ் முடிவுக்கு வந்திருக்கும். குண்டும் குழியுமான சாலையில் குலுங்கும்போது மட்டும் மினுங்கினால் தேய்ந்த பிரஷையும் தளர்ந்த கம்பியையும் முதலில் ஐயுற வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கையில் விளக்கு திடீரென்று எரிந்து, கூடவே வெப்பமானியின் முள்ளும் ஏறினால், பெல்ட் அறுந்திருக்கக்கூடும். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டே தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. அவ்வேளையில் 'வீடு வரை ஓட்டிவிடலாம்' என்று எண்ணினால் என்ஜினே வெந்துபோகும். உடனே ஓரங்கட்டி நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

வெப்பம் ஏறாமல் விளக்கு மட்டும் எரிந்தால் சிறிது தூரம் செல்ல இயலும். எவ்வளவு தூரம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு முன்விளக்குகளும் பின்விளக்குகளும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். ரேடியேட்டர் விசிறி, என்ஜினின் தீப்பொறி அமைப்பு முதலியவற்றையும் சேர்த்தால் 20 ஆம்பியர் என்று கொள்ளலாம். 40 ஆம்பியர்-மணி பேட்டரி இதனைக் கணக்குப்படி இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும். ஆயினும், பழைய பேட்டரி, அதுவும் முழுமையாக நிரம்பாத பேட்டரி, இதில் பாதி நேரங்கூடத் தாங்காது. பகலில் விளக்கு, வானொலி, குளிர்சாதனம் அனைத்தையும் அணைத்துவிட்டு நேராக அருகிலுள்ள பட்டறைக்குச் செல்லலாம். இரவில் அந்த வாய்ப்பு இல்லை.

மல்டிமீட்டர் கொண்டு அளத்தல்

வீட்டு மின்சாமான் கடைகளில் மலிவு விலையில் கிடைக்கும் சிறு மல்டிமீட்டர் ஒன்றை நான்கைந்து வீட்டார் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதன் குமிழை நேர்மின் அழுத்தத்தில் 20 வோல்ட்டுக்குத் திருப்பி, சிவப்பு முனையைப் பேட்டரியின் கூட்டல் குறியிட்ட முனையிலும் கறுப்பு முனையைக் கழித்தல் குறியிட்ட முனையிலும் வைக்க வேண்டும்.

இரவு முழுதும் ஓய்ந்திருந்த வண்டியில், காலையில் கிளப்புவதற்கு முன்னர் அளந்தால், நன்கு நிரம்பிய பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 12.4 எனில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிரம்பியது. 12.0 எனில் ஏறத்தாழக் காலியானது. இப்போது என்ஜினைக் கிளப்பிச் சில நிமிடம் ஓடவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் கடமையைச் செய்கிறது. கிளப்பிய பிறகும் 12.5க்குக் கீழேயே நின்றால் அது எதையும் தரவில்லை. 15க்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பேட்டரித் தண்ணீர் அடிக்கடி குறைவதும், அழுகிய முட்டை போன்ற நாற்றம் வீசுவதும், பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து போவதும் இதன் அறிகுறிகளே.

சுமையின்றி நலமாகத் தோன்றும் ஆல்டர்னேட்டர் சுமை ஏறியதும் தளர்ந்துவிடக்கூடும். ஆகையால் முன்விளக்கு, விசிறி, கண்ணாடித் துடைப்பான் ஆகியவற்றை இயக்கி, ஒருவரை ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தச் சொல்லிப் பார்க்க வேண்டும். அப்பொழுதும் 13.5 வோல்ட்டை ஒட்டி நின்றால் கவலையில்லை. 13க்குக் கீழே இறங்கினால் பெல்ட் வழுக்குகிறதா என்பதை முதலில் பார்த்து, பின்னர் உள்ளுறுப்புகளை ஐயுற வேண்டும்.

மீட்டரை மாறுமின் அளவுக்குத் திருப்பி, என்ஜின் ஓடும்போது அதே இரு முனைகளில் வைத்தால் டயோடுகளின் நிலையும் தெரியும். நல்ல நிலையில் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்களவே காட்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடு ஒன்றேனும் கெட்டுவிட்டது எனலாம். மிக மலிவான சில மீட்டர்கள் இந்த அளவில் தடுமாறுவதுண்டு. எனவே, நலமாக உள்ள மற்றொரு வண்டியில் அளந்து ஒப்பிட்டுக்கொள்வது முறை.

கெட்ட டயோடு இன்னொரு தீங்கும் செய்யும். வண்டி நின்றிருக்கும் போதே, இரவெல்லாம் பேட்டரியின் மின்சாரத்தைத் தன் வழியே ஒழுகவிடும். விடியற்காலையில் வண்டியைக் கிளப்புமுன் ஆல்டர்னேட்டரின் கூட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். இரவு முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டிய உலோகம் வெதுவெதுப்பாக இருந்தால் திருடன் அங்கேதான் இருக்கிறான்.

மீட்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. என்ஜின் ஓடாமல், சாவியை மட்டும் திருப்பிச் சிவப்பு விளக்கு எரியும் நிலையில், ஒரு திருப்புளியின் இரும்பு நுனியை ஆல்டர்னேட்டரின் பின்பக்க நடுப்பகுதிக்கு அருகே கொண்டு செல்லுங்கள். உள்ளே காந்தம் உயிர்பெற்றிருந்தால் நுனி ஈர்க்கப்படுவதைக் கை உணரும். ஈர்ப்பு சிறிதும் இல்லையெனில் காந்தச் சுருளுக்கு மின்சாரம் போய்ச்சேரவில்லை. பெரும்பாலும் பிரஷ் தேய்ந்ததே காரணமாக இருக்கும். நாம் முற்கூறிய நண்பரின் வண்டியில் இந்தச் சோதனையே உண்மையைக் காட்டிக்கொடுத்தது. திருப்புளியின் நுனி பின்புறத்து மின்முனைகளைத் தொட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். புதிய வகை வண்டிகள் சிலவற்றில் என்ஜின் ஓடும்போதே காந்தம் உயிர்பெறுமாதலால் இச்சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

எல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? உங்கள் ஓட்டத்தின் தன்மையை எண்ணிப் பாருங்கள். இருள் பிரியுமுன் விளக்கைப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து பிரட்டுக் களத்திற்கு இரண்டு கிலோமீட்டர். பின்னர் வெட்டு நிரைக்கு ஒரு கிலோமீட்டர். நண்பகலில் திரும்பி வீடு. ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட்டர் எடுத்துக்கொண்ட மின்சாரம் திரும்பிச் சேர்வதற்குள் என்ஜின் அணைந்துவிடுகிறது. மெதுவாகச் சுழலும்போது ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனில் ஒரு பகுதியையே தரும். இத்தகைய வண்டியை வாரம் ஒருமுறையேனும் பெருஞ்சாலையில் அரை மணிக்குக் குறையாமல் ஓட்டிவருதல் பேட்டரிக்கு மருந்து போன்றது. அத்துடன், பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைத் தூளைச் சோடா மாவு கலந்த வெந்நீரால் கழுவி, முனைகளை இறுக்குதல் வேண்டும். புதிய ஆல்டர்னேட்டர் வாங்கிப் பூட்டிய பின்னும் குறை தீராமல், இறுதியில் பூசணம் பிடித்த கம்பியே காரணமாய் இருந்த வண்டிகளை நாம் கண்டிருக்கிறோம். பேட்டரிக்கு அருகே புகைபிடித்தல் கூடாது. அதிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றி வெடிக்கக் கூடியது.

ஓசையைப் பிரித்தறிதல்

இனி ஓசைக்கு வருவோம். காதால் நோயறிவது அனுபவத்தால் வருவது. எனினும், ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்: ஓசை என்ஜினின் வேகத்தோடு மாறுகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு மாறுகிறதா?

வண்டியை நிறுத்தி வைத்து, கியர் போடாமல் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். ஓசை ஏறி இறங்கினால் அது என்ஜின் பக்கத்தைச் சேர்ந்தது. நின்றிருக்கும்போது ஓசையே இல்லை, ஓடும்போது மட்டும் எழுகிறது எனில், ஆளரவமற்ற சமதளச் சாலையில் சென்றுகொண்டிருக்கையில் கிளட்ச்சை மிதித்து என்ஜின் வேகத்தைத் தணியவிடுங்கள். அப்போதும் ஓசை மாறாமல், வண்டியின் வேகம் குறையக் குறைய மட்டுமே தணிந்தால், அது சக்கரத்தின் பக்கம் உள்ளது. அவ்வேளையில் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிடலாகாது. பிரேக்கும் ஸ்டீரிங்கும் இறுகி விபத்து நேரிடும்.

என்ஜின் பக்கத்து ஓசைகளுள் முதலாவது பெல்ட்டின் கீச்சொலி. குளிர்ந்த காலையில் கிளப்பியவுடன் கிளி கத்துவதுபோல் எழுந்து, சிறிது நேரத்தில் ஓயும்; முன்விளக்கைப் போட்டால் மீண்டும் எழும். ஓடும் பெல்ட்டின் மேல் எட்ட நின்று சில துளி நீர் தெளித்தால் அந்த ஒலி மாறினாலோ நின்றாலோ குற்றம் பெல்ட்டினுடையதே. இரு கப்பிகளுக்கு இடையில் பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அமிழ வேண்டும். கூடுதலாக அமிழ்ந்தால் வழுக்கும். சிறிதும் அமிழாதபடி இறுக்கினால் ஒலி நிற்கும், ஆனால் ஆல்டர்னேட்டரின் முன் பேரிங்கும் தண்ணீர் பம்பின் பேரிங்கும் சில மாதங்களில் அழியும். கீச்சொலியை அடக்க அளவுக்கு மிஞ்சி இறுக்கிக் கொடுப்பது சில பட்டறைகளில் நடைபெறும் தவறாகும்.

பேரிங்கின் ஓசை வேறு வகையானது. அம்மியில் உலர்ந்த மிளகாயை அரைப்பது போன்ற கரகரப்பு. என்ஜின் வேகம் கூடும்போது உறுமலாக ஏறும். விளக்கைப் போட்டாலும் அணைத்தாலும் மாறாது. விளக்கு போட்டதும் தடித்து, அணைத்ததும் தணியும் ஊளையொலியாயின் அது பேரிங்கின் குரலன்று; கெட்ட டயோடின் குரல்.

எந்தப் பேரிங் என்பதை அறிய நீண்ட திருப்புளி ஒன்றே போதும். அதன் பிடியைக் காதருகே எலும்பில் பதித்து, நுனியை ஆல்டர்னேட்டரின் கூட்டிலும், தண்ணீர் பம்பின் உடலிலும் மாறி மாறி வைத்தால், கெட்ட இடத்தில் ஓசை மருத்துவரின் குழாயில் கேட்பதுபோல் தெளிவாகக் கேட்கும். சட்டையின் கை, துண்டு, தாலிக்கொடி, நீண்ட கூந்தல் இவற்றைச் சுழலும் பெல்ட்டிற்கு எட்டாமல் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். ரேடியேட்டரின் மின்விசிறி, என்ஜின் அணைந்த பின்னும் தானாகவே சுழலத் தொடங்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

இன்னும் உறுதி வேண்டுமாயின் என்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, ஒரு நிமிடத்திற்கும் குறைவாக மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். ஓசை மறைந்துவிட்டால், பெல்ட் சுழற்றும் உறுப்புகளில் ஒன்றே குற்றவாளி. என்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றுங்கள். நல்ல பேரிங் பட்டுப்போல் சுழலும். கெட்டது மணல் கலந்ததுபோல் நெருடும், அல்லது பக்கவாட்டில் ஆடும். தண்ணீர் பம்பின் கீழே சிறு துளையிலிருந்து நீர் கசிந்து காய்ந்த தடம் இருந்தால் அதன் பேரிங்கும் அடைப்பும் முடிவுக்கு வந்தன எனலாம். கிளட்ச்சை மிதிக்கும்போது மட்டும் எழும் ஓசை கிளட்ச் பேரிங்கினுடையது. மிதித்தால் மறையும் ஓசை கியர்ப்பெட்டியின் முன் பேரிங்கினுடையது. இவ்விரண்டும் வீட்டு வாசலில் பார்க்கும் வேலையன்று.

சக்கர பேரிங்

ஆல்டர்னேட்டர் கெட்டால் வண்டி நிற்கும். சக்கர பேரிங் கெட்டால் வண்டி நில்லாமல் போகும். எனவே இதனைத் தள்ளிப்போடலாகாது. முற்றிலும் சிதைந்த பேரிங் வெப்பமேறி இறுகிச் சக்கரத்தையே கழலச் செய்வதுண்டு.

முதலில் தொலைவில் விமானம் பறப்பது போன்ற 'ஊம்' என்ற ஒலி, மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் எழுந்து வேகத்தோடு வளரும். தேய்ந்த டயரும் இவ்வாறே ஒலிக்குமாதலால் பலர் ஏமாறுகின்றனர். சாலையின் பரப்பு மாறும்போது ஒலியும் மாறினால் டயர் எனலாம். எந்தச் சாலையிலும் ஒரே குரல் எனில் பேரிங் எனலாம். வளைவுகளும் துப்புக் கொடுக்கும். வண்டி இடப்புறம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது ஒலி ஓங்கினால் வலப்பக்கப் பேரிங்கை ஐயுற வேண்டும். வலப்புறம் திரும்பும்போது ஓங்கினால் இடப்பக்கம். ஸ்டீரிங்கை முழுவதும் ஒடிக்கையில் எழும் 'டக், டக்' ஓசை பேரிங்கைச் சார்ந்ததன்று. முன்சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டு தேய்ந்ததனால் வருவது அது.

பின்னர் சமதரையில் மற்றச் சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியை முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் எவரும் செல்லலாகாது. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங்; மறையாவிடில் கீழே உள்ள மூட்டு. சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, அதன் மேலுள்ள சுருள்வில்லை மற்றொரு கையால் பற்றினால், கெட்ட பேரிங்கின் நடுக்கம் வில்லின் வழியே விரல்களுக்கு வரும்.

தோட்டத்து வண்டிகளில் இந்நோய் மிகுதியாக வருவதற்குக் காரணம் உண்டு. மழைக்காலத்தில் ஓடைநீர் சாலையை மூடும்போது, பிரேக்கினால் சூடேறிய சக்கரம் சட்டென்று நீரில் இறங்குகிறது. உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்க, அடைப்பின் இடுக்கு வழியே செம்மண் கலந்த நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. கிரீஸ் பால்போல் வெளுத்துத் தன் வழுவழுப்பை இழக்கிறது. உருண்டைகளும் அவை ஓடும் தடமும் துருவேறிச் செதில் செதிலாகப் பெயர்கின்றன. நீரைக் கடக்க நேர்ந்தால், இறங்குமுன் சற்று நின்று சக்கரம் ஆறிய பின்னர் மெதுவாகக் கடப்பது நலம். நீரின் ஆழமும் விசையும் தெரியாதவிடத்துக் கடக்காமலே இருப்பது இன்னும் நலம்.

பழுது பார்க்கையில்

பேரிங்கின் பக்கத்தில் அதன் எண் பொறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக 6203 என்பது உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிப்பு 12 மில்லிமீட்டர் கொண்டது. 6303 என்பதற்கும் உள்விட்டம் 17தான். ஆனால் வெளிவிட்டம் 47, தடிப்பு 14. எண்ணுக்குப் பின் 'இரண்டு ஆர்எஸ்' என்றிருந்தால் இருபுறமும் ரப்பர் அடைப்பு உண்டு. 'இசட் இசட்' என்றால் உலோக மூடி. தூசியும் நீரும் மிகுந்த நம் சாலைகளில், பழைய பேரிங்கில் எந்த அடைப்பு இருந்ததோ அதற்குக் குறையாத அடைப்புடையதை வாங்க வேண்டும். எண்ணை எழுதிக்கொண்டு பேரிங் விற்கும் கடைக்கே நேரில் சென்றால், 'இந்த வண்டிக்கு உறுப்புக் கிடைக்காது' என்ற பேச்சுக்கு இடமிராது.

புதிய பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவதை அனுமதிக்காதீர்கள். அச்சில் இறுகும் உள்வளையத்தை ஏற்ற, வெளிவளையத்தை அடித்தால், அடியின் விசை முழுதும் உருண்டைகளின் வழியே பாய்ந்து தடத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கும். அந்தப் பேரிங் பிறந்த அன்றே நோயாளி. சில வாரங்களில் முனகத் தொடங்கும். கடைக்காரர் மீது பழி விழும். அழுத்தப் பொறி உள்ள பட்டறையை நாடுவதே முறை. பழைய வகை வண்டிகள் சிலவற்றின் பின்சக்கரங்களில் கூம்பு உருளைப் பேரிங்குகள் உள்ளன. அவற்றைக் கழற்றிக் கழுவி, புதிய கிரீஸ் இட்டு, நட்டின் இறுக்கத்தைத் திருத்தி மீண்டும் பயன்படுத்தலாம். அடைப்புடன் வரும் பேரிங்குகளை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆல்டர்னேட்டரைப் பொறுத்தவரை, பிரஷ் மட்டும் தேய்ந்து வளையங்கள் வழுவழுப்பாக இருந்தால் பிரஷை மாற்றுவதே போதும். வளையங்களில் ஆழ்ந்த பள்ளம் விழுந்திருந்தால் புதிய பிரஷும் விரைவில் தேயும். பிரஷுக்காகத் திறந்தவிடத்து, பல ஆண்டு உழைத்த பேரிங்குகள் இரண்டையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம். கூலி ஒரு முறையோடு போகும். டயோடும் கெட்டு வளையமும் தேய்ந்திருந்தால் புதுப்பிக்கப்பட்ட முழுக் கருவியை வாங்குவது மேல். பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய ஆல்டர்னேட்டரை வாங்குவோர், கடையிலேயே கப்பியைக் கையால் சுழற்றிப் பார்த்து, பூட்டிய பின் மீட்டரில் அளவு காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

புதிய ஆல்டர்னேட்டர் பூட்டிய அன்று, இறங்கிப்போன பேட்டரியை அப்படியே இணைத்து ஓட்டிவிடாமல், முதலில் தனியே மின்னேற்றி நிரப்பிக்கொள்ளுங்கள். முற்றிலும் காலியான பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டர் நெடுநேரம் தன் முழுத் திறனில் உழைக்க நேரிட்டு, அளவுக்கு மீறிச் சூடேறும். நாம் கூறிய நண்பர், கழற்றிய பழைய பிரஷ்கள் இரண்டையும் ஒரு தீப்பெட்டிக்குள் இட்டு வண்டியின் முன்பெட்டியில் வைத்திருக்கிறார். அண்டை வீட்டார் வண்டி கிளம்பவில்லை என்று பேட்டரி வாங்கப் புறப்படும்போதெல்லாம் அதை எடுத்துக் காட்டுகிறாராம்.